முந்திக் குடித்த கோப்பி

தவச்செல்வன் சுவிஸின் லோசானுக்கு வந்து இருபத்துநான்கு வருடமாகிறது. அதில் பத்தொன்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரிச் சமையலறை. பிரெஞ்சு இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவிக்கச் சொன்னால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அவிப்பார். அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள். பவ்வாஸ் ஜோர்தானில் கராக் ஊர்க்காரர். ஜவ்தத் பலஸ்தீனர், நாப்லஸிலிருந்து ஓடிவந்த பெற்றோருக்கு அம்மான் அகதி முகாமில் பிறந்தவர். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே கடவுச்சீட்டு. அண்ணன் தம்பி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

2009 மே மாதம் தவச்செல்வனின் தங்கை வன்னியில் ஷெல் விழுந்து செத்துப்போனாள். உடல் இல்லை, செத்தவீடும் இல்லை. அந்த இருவரும் மூன்று நாள் லீவு போட்டு, சோறும் ஆட்டிறைச்சியும் சமைத்துக்கொண்டு வந்து அவர் வீட்டில் குந்தியிருந்தார்கள். துக்க வீட்டில் மச்சம் கூடாது என்று பாவங்களுக்குத் தெரியாது. மனைவி சிவமலர் ஒன்றும் சொல்லாமல் சட்டியை வாங்கி வைத்தாள். சொந்தக்காரர் தொலைபேசியோடு நின்றுவிட்ட நேரம் அது.

அப்படிப்பட்டவர்களை 2013இல் ஒரு பந்து பிரித்தது. அம்மானில் ஜோர்தான்காரரின் அணியும் பலஸ்தீன அகதி முகாமின் அணியும் மோதிய உதைபந்தாட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது வாய் முற்றியது. பவ்வாஸ் சொல்லக்கூடாததைச் சொன்னார். "நீங்கள் எங்கட நாட்டில விருந்தாளியள். அதை மறக்காதேங்கோ."

ஜவ்தத் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவர்தான். இரண்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்றும் முகம் பார்க்கவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் தவச்செல்வனிடம் சொல்லித்தான் கேட்பார்கள். நடுவில் நின்ற மனிதர் உருளைக்கிழங்கோடு சேர்ந்து வெந்தார்.

இதற்குள் பவ்வாஸின் மகன் சைபும் ஜவ்தத்தின் மகள் ருபாவும் விரும்பிவிட்டார்கள். ஜவ்தத் முடியாது என்றார். தங்கள் வழக்கப்படி பெரியவர்களோடு வந்து பெண் கேட்கிறோம் என்று பவ்வாஸ் தூது அனுப்பியபோது, ஜவ்தத் ஒரேயொரு தடவை வரச் சொன்னார். அன்றும் அவர் மறுத்தால் அப்பாவை மீறி வரமாட்டேன் என்று ருபா சைபிடம் சொல்லிவிட்டாள். பவ்வாஸுக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று யாருமில்லை. என் வீட்டு ஆளாக நீ வா என்று தவச்செல்வனின் கையைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜவ்தத்தின் வீட்டில் ஆறு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே ஜவ்தத், இறுகிய முகத்தோடு. ஒவ்வொருவர் முன்னும் சின்னக் கோப்பையில் கோப்பி வந்தது. பெண் கேட்டுப் பேசவென்று ஜெனீவாவிலிருந்து கூட்டிவந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். தவச்செல்வனுக்குப் பயத்தில் நாக்கு வறண்டிருந்தது. போதாததற்கு, தந்ததைத் தொடாமல் வைத்தால் வீட்டுக்காரரை அவமதிப்பதாக நினைக்கும் யாழ்ப்பாணத்து வளர்ப்பு வேறு. ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை வைத்தார்.

பெரியவர் திறந்த வாயை மூடவில்லை. பவ்வாஸின் முகம் வெளிறிப்போனது. பக்கத்திலிருந்த சைப் காதுக்குள் சொன்னான்: பெண் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை வந்தவர்கள் கோப்பியைத் தொடக்கூடாது. முந்திக் குடித்தால், கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம். இதைத் தவச்செல்வனுக்குச் சொல்லி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தார்கள்.

ஜவ்தத் எழும்பினார். "உங்கட ஆள் குடிச்சிட்டார். இனிக் கதைக்க ஒண்டுமில்லை."

தவச்செல்வனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை ஒரு மடக்கில் விழுங்கிவிட்டாரே. தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டினார். "ஜவ்தத், எங்கட ஊரில பகையாளி வீட்டிலதான் பச்சைத்தண்ணியும் குடியாமல் எழும்புவம். உன்னோட எனக்குப் பகையில்லை. அதுதான் குடிச்சனான்."

ஜவ்தத் உட்காரவில்லை.

அப்போது பவ்வாஸ் எழுந்தார். பெண் கேட்டு வந்தவர் தானே வாய் திறக்கக்கூடாது என்பதும் வழக்கம்தான். வழக்கம்தான் ஏற்கெனவே கெட்டுப்போயிற்றே.

"என்ர அம்மா கலீல் ஊர்," என்றார். "பலஸ்தீனத்தில பிறந்தவ. கராக்குக்குக் கலியாணம் முடிச்சு வந்து எங்கள் ஏழு பேரையும் பெத்து வளர்த்தவ. அண்டைக்கு அந்த டிவிக்கு முன்னால நான் என்ர அம்மாவைத்தான் விருந்தாளி எண்டு சொன்னனான். ரெண்டு வருஷமா எனக்கு நித்திரையில்லை."

கராக்கில் தகப்பன் வழியைத்தான் சொல்லிக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் தாயைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. பவ்வாஸ் கண்ணைத் துடைத்தார்.

ஜவ்தத் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கலீலில எந்தக் குடும்பம்?"

தவச்செல்வன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஊரான வடமராட்சியிலும் சம்பந்தம் செய்ய மனமுள்ளவன்தான் இப்படித் துருவுவான். பவ்வாஸுக்கு உதடு துடித்ததே தவிரப் பேச்சு வரவில்லை.

"ஆறுதலாச் சொல்லு," என்றார் ஜவ்தத். "கலியாணத்துக்கு அவையளையும் கூப்பிடவேணும்."