பிரகாரத்தில் சொன்ன பன்னிரண்டு உலோகங்கள்

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம். என் மனைவி பிளஸ் டூவில் ரசாயனத்தில் மட்டும் தவறியிருந்தாள். அக்டோபரில் அதை எழுதிப் பாஸானால்தான் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட முடியும். நானோ எட்டாவதோடு நின்று தறிக்குப் போனவன். புத்தகத்தைப் பார்த்து அவள் சொல்வது சரியா என்று கேட்க மட்டும் தெரியும்.

அவளுக்கு மனசில் நிற்காதது, எது அதிகம் வினைபுரியும் என்கிற உலோகங்களின் வரிசை. பொட்டாசியம் முதலில், தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும். தங்கம் கடைசியில், எதற்கும் அசையாது. இடையில் உள்ளவை மாறிமாறிப் போகும்.

கோயில் பிரகாரத்தைச் சுற்றிவரும் ஆடிச் சுற்று வந்தது. கோமதியம்மனுக்கு நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தாள். மற்றவர்கள் புளியங்கொட்டை வைத்து எண்ணுவார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"ஏட்டி, உலோகம் பன்னிரண்டு. சுத்துக்கு ஒண்ணாச் சொல்லு. ஒம்பது தடவை வந்தா நூத்தெட்டு."

"நடுவுல ஹைட்ரஜன் இருக்கே?"

"அது உலோகம் இல்லைன்னு நீதானே சொன்ன? தள்ளு."

நடந்தோம். முன்னால் போன அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இது எந்தச் சாமி தாயி, பொட்டாசியம்?"

"பாஸாக்கி விடுத சாமி, மதினி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தாயே, பொறுத்துக்கொள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஆறு தடவை முடிந்ததும், கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "செம்பை நீர்த்த அமிலத்துல போட்டா ஹைட்ரஜன் வருமா?"

நின்றுவிட்டாள். "ஈயத்துக்கு வரும். செம்பு அதுக்கு அடுத்ததுதானே... வருமோ?" சட்டென்று என்னை முறைத்தாள். "தள்ளச் சொன்னது நீங்கதான்! ஹைட்ரஜனுக்கு மேல இருக்கதுதான் அதை வெளிய தள்ளும். கோடே அதுதான். கோட்டை அழிச்சிட்டீகளே!"

முகம் வாடிப்போனது. எழுபத்திரண்டு சுற்று தப்பாகவே மனசில் பதிந்துவிட்டதே என்று அழப் போனாள். கொஞ்ச நேரம் கொடிமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே எழுந்தாள்.

"அதுக்குச் சுத்து வேண்டாம். ஈயம் முடிஞ்சதும் இங்கன நின்னு கும்பிட்டுச் சொல்லுதேன். பிறகு செம்பு."

மீதி மூன்று தடவையும் அப்படியே செய்தாள். கொடிமரத்தின் முன் கைகூப்பி, "ஹைட்ரஜன்" என்றாள். கூடவே நானும் சொன்னேன்.

அக்டோபரில் பரீட்சை முடிந்து வாசலுக்கு வந்தவள், நான் கேட்குமுன்னே சொன்னாள்: "செம்பைத்தான் கேட்டிருந்தாக. வராதுன்னு எழுதிட்டேன். எழுதும்போது கையெடுத்துக் கும்பிடப் போயிட்டேன், பாத்துக்கோங்க."

பாஸாகிவிட்டாள். டிரெயினிங்குக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, முதல்முறையாக நான் தனியாக உலை வைத்தேன்.