தெரியுது என்று சொன்னவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருகிறவர்களிடம் பதினாறு வருடமாக அவள் கேட்டுவருவது ஒரே கேள்விதான். "இப்ப தெரியுதா?" வில்லையை மாற்றுவாள். "இப்ப?"

பாதிப் பேர் பொய் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவர் என்று நினைத்துவிடுவாளோ என்ற கூச்சம் சிலருக்கு. வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்த அவசரம் சிலருக்கு. பலகை கலங்கலாகத் தெரியும்போதே வாய் மட்டும் "தெரியுது, தெரியுது" என்னும். இரண்டு தடவை சொன்னால் பொய் என்று அவள் வைத்திருந்தாள். "உன்கிட்ட யாரும் தப்ப முடியாதும்மா, நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பார் கடை முதலாளி. சிரித்து மழுப்பிவிடுவாள். அந்தப் பொய் அவளுக்குச் சொந்தச் சரக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் அந்தக் கார்ட்டூன் வரும். ஒரு விண்கப்பல், அதன் தலைவி, கூடவே நடக்கத் தெரியாமல் நடக்கும் ஒரு இயந்திர மனிதன். அவனுக்கு இவர்கள் வைத்த பெயர் டப்பா. படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் இவள். பார்க்கிறவர் பிடிக்கிறவருக்குக் கதை சொல்லிவிட வேண்டும். இன்னொரு சட்டமும் இருந்தது: பிடிக்கிறவர் கையில் படம் போய்விட்டால் அவர் இறங்கலாம், பார்க்கிறவர் ஏற வேண்டும்.

கடைசிப் பாகம் இவள் மாடியில் நிற்கும் முறையில் வந்து தொலைத்தது. முந்தின நாளே கால் வலிப்பதாக நொண்ட ஆரம்பித்தாள். அம்மா துணி சுற்றிவிட்டாள். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நொண்டிக் கழுதை, ஒரு காட்சி விடாம சொல்லணும்" என்று மாடிக்கு ஏறினான்.

இரண்டாவது விளம்பரம் முடிந்ததும் திரையில் எறும்பு ஓட ஆரம்பித்தது. அதுவரை தெரிந்தது இவ்வளவுதான்: டப்பா உடைந்த கப்பலுக்குள் தனியாக அடைபட்டிருந்தான். தலைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரே இரைச்சல்.

"தெரியுதா?" மாடியிலிருந்து குரல் வந்தது.

தெரியவில்லை என்றால் இவள் ஏற வேண்டும். பொய்யாக நொண்டியது படியில் அம்பலமாகிவிடும்.

"தெரியுது, தெரியுது" என்று கத்தினாள்.

அப்புறம்தான் மழை பிடித்தது. மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதையே சொன்னாள். சொட்டச் சொட்ட இறங்கிவந்தவனின் உள்ளங்கையில் கம்பியின் துரு சிவப்பாக அப்பியிருந்தது. "என்னாச்சு? டப்பா செத்துட்டானா?"

"இல்ல. அவ திரும்பி வந்துட்டா. வெளியிலேர்ந்து கதவைத் திறந்து அவனைத் தூக்கிட்டுப் போயிட்டா."

வாய்க்கு வந்ததை ஒரு சிறுமி சொன்னாள். அவன் அதை வாழ்நாளெல்லாம் வைத்துக்கொண்டான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனவன், நடுவில் சிக்கிக்கொண்டு அழுகிறவர்களுக்குக் கதவுக்கு வெளியிலிருந்து அந்தக் கதையைச் சொல்வான் என்று அவனுடைய கூட்டாளிகள் கேலி செய்வார்கள். மகளுக்கும் அதைச் சொல்லித்தான் தூங்கவைத்தான். அது காதில் விழும்போதெல்லாம் இவள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் யாரோ அந்தத் தொடர் முழுவதையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அண்ணனும் மகளும் தினம் ஒன்றாகப் பார்த்துத் தீர்த்தார்கள். "கடைசிப் பாகத்தை வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை நீயும் வா" என்று போன் செய்தான்.

அன்று மத்தியானமே இவள் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் அதைப் பார்த்தாள். தலைவி வரவில்லை. யாருமே வரவில்லை. டப்பா ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டு, கடைசி விளக்கின் கீழ் உட்காருகிறான். அவ்வளவுதான்.

ஞாயிறன்று போனதும் அவனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். டீ கொதித்துக்கொண்டிருந்தது. மென்று விழுங்காமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவன் அடுப்பைச் சின்னதாக்கினான். "எப்பலேர்ந்து தெரியல?"

"ரெண்டாவது விளம்பரத்துலேர்ந்து."

"மழை?"

"அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

"அப்ப மழை வந்தப்ப படமே இல்ல."

"இல்லண்ணா."

"கால்?"

"காலும் சும்மாதான்."

"அடிப்பாவி. அம்மா உன்னை ரெண்டு வாரம் ஒரு வேலையும் செய்ய விடல. உன் பங்குக்கும் சேர்த்துத் தண்ணி தூக்கினேன்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "முடிவைக் கட்டிவிட்டது பரவாயில்ல. சின்னப் பொண்ணு. ஆனா நான் எதுக்கு நின்னேன்? உள்ள ஒருத்தி நல்லா பார்த்துட்டிருக்கான்னுதான நின்னேன்?"

முடிவுக்குத்தான் கோபப்படுவான் என்று தயாராகி வந்திருந்தாள்.

"பாப்பாகிட்ட எதுவும் சொல்லாத. நானே பார்த்த மாதிரி அவகிட்ட சொல்லிவச்சிருக்கேன். கேட்டான்னா, வேற முடிவும் ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லிடு."

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். குழந்தை நடுவில். கடைசி விளக்கு எரிந்தபடியே படம் முடிந்தது. அவன் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அக்கா வரவே இல்லையேப்பா" என்றது குழந்தை. குழந்தை இவள் பக்கம் திரும்பியது. "அத்தை, அப்பா சொன்ன முடிவு எங்க?"

அண்ணன் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனி வரை வந்தது. இதையும் சொன்னால் மாடியில் நின்றவன் மறுபடியும் சும்மா நின்றவனாகிவிடுவான்.

"அது அத்தை கட்டிவிட்டதும்மா" என்றாள். "அப்பா அதைப் பார்க்கவே இல்ல."

"பொய். அப்பா பார்த்தாரு. இல்லப்பா?"

"இல்லடா. நான் மழையில மாடியில நின்னுட்டிருந்தேன்."

"மழையிலயா? மாடியில என்ன பண்ணீங்க?"

அவன் ரிமோட்டை எடுத்துத் திரையை அணைத்தான். கோபமா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து இவளால் சொல்ல முடியவில்லை.

"அத்தையைக் கேளு" என்றான்.

குழந்தை காலை மடித்துப் போட்டு இவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. இவள் முதலில் கால் நொண்டியதைச் சொன்னாள்.