நாற்பத்தைந்து பாகையும் நான் நின்ற பக்கமும்

2025 பெப்ரவரி 19, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, அக்கா தந்த தேநீரைக் குடித்துவிட்டு, முதல் நாள் நாட்குறிப்பில் விடுபட்டிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். 7.15க்குச் சூரியன் பக்கத்து வளவுப் பனைகளுக்கு மேலே ஏறியது. முற்றத்தில் இறங்கி நின்று, கையை நீட்டி, பெருவிரலால் சூரியனை மறைத்து, விரலைச் சுற்றியிருந்த வானத்தைப் பார்த்தேன். பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. எங்கள் ஊர் கண்டாவளையில் இப்போது அறுவடை. வெட்டு மெசின்கள் கிளப்பிய தூசி அந்த நேரத்திலேயே மேலே நின்றது. "வானம்: மோசம்" என்று குறித்துக்கொண்டேன்.

பதினொரு வருடங்களாக நான் காலையில் செய்யும் முதல் வேலை இது. ஹவாய்த் தீவொன்றில், எரிமலை உச்சியில், கம்பளிச் சட்டையோடு நின்று விரலை நீட்டுவேன். அங்கே தூசியே இல்லாத நாட்களில் சூரியனின் விளிம்பு வரைக்கும் வானம் கருநீலமாக இருக்கும். அப்படியிருந்தால்தான் எங்களுக்கு வேலை. அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். பிறந்த வளவில் நின்று அதையே செய்தபோது அக்கா அகப்பையோடு குசினிக்குள் இருந்து வெளியே வந்துவிட்டார்.

"என்னடி, சூரியனுக்கு விரல் காட்டுறாய்?"

"வானம் பாக்கிறன் அக்கா."

"வானம் பாக்கிறதெண்டா வானத்தைப் பார். உனக்குக் கண்ணில ஏதோ வருத்தம். நேற்றும் பேப்பரைக் கையை நீட்டிப் பிடிச்சுத்தான் வாசிச்சனி."

அது உண்மை. நாற்பத்தொன்பது வயதில் எழுத்துகள் கலங்குவதை நானும் கவனித்திருந்தேன். ஹவாயில் கண் வைத்தியரைப் பார்க்க ஒரு மாதத்துக்கு முன்பே நாள் எடுக்க வேண்டும். அக்கா அன்றைக்கே போகச் சொன்னார். "உன்ர பழைய முதலாளியின்ர கண்ணாடிக் கடை இப்பவும் வவுனியாவிலதானே இருக்கு. அவரிட்டையே காட்டிக்கொண்டு வா. இவர் உன்னைப் பரந்தனில பஸ் ஏத்தி விடுவார்."

அத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் கொண்டு வந்து கொடுத்த வெயில் கண்ணாடியைப் போட்டிருந்தார். வாய்க்கால் மதகடியில் நிறுத்தி, போனை எடுத்து நேரம் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"வசந்தி, குறை நினைக்காதையும். நீர் தந்த கண்ணாடி பழுது. போனைச் சரிச்சுப் பிடிச்சா ஒண்டும் தெரியேல்லை, கறுப்பாக் கிடக்கு."

"பழுதில்லை அத்தான், அதின்ர குணமே அதுதான். வாய்க்காலைப் பாருங்கோ."

பார்த்தார். "அட, மீன் நிக்குது. அடி மண்ணும் தெரியுது."

"இப்ப தலையைச் சரிச்சுப் பாருங்கோ."

"காணேல்லை. வெயில்தான் மின்னுது. மீன் ஓடிட்டுதோ?"

"மீன் நிண்ட இடத்திலதான் நிக்குது."

அத்தான் தலையை நிமிர்த்தியும் சரித்தும் நாலைந்து தரம் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் நெல் மூட்டையோடு வந்தவர் ஹோர்ன் அடித்து, "அண்ணை, கழுத்துச் சுளுக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் தொழிலை ஊரில் யாரும் கேட்டால் இனி அந்த மீனைத்தான் சொல்லப் போகிறேன். ஒளி அலையாக அதிர்ந்துகொண்டு வருகிறது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். அதை முனைவாக்கிய ஒளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அத்தானின் கண்ணாடி அந்தத் திசையை மறித்துவிடுவதால் மினுக்கம் போய் மீன் தெரிகிறது. தலையைச் சரித்தால் மறிப்பும் சரிந்து போகிறது. சூரியனைச் சுற்றி மிக மங்கலான ஒளிமுடி ஒன்று உண்டு. வெளிநாட்டில் கொரோனா என்பார்கள். முழுக் கிரகணத்தில்தான் அது வெறும் கண்ணுக்குத் தெரியும். நாங்கள் தொலைநோக்கிக்குள் சிறு உலோக வட்டு ஒன்றால் சூரியனை மறைத்து நாள்தோறும் அதைப் பார்க்கிறோம். அந்த ஒளியும் கொஞ்சம் முனைவாக்கம் அடைந்தே வருகிறது. எந்தத் திசையில் என்பதை அங்குள்ள காந்தப்புலம் தீர்மானிக்கிறது. ஆகவே அத்தானின் கண்ணாடி போல ஒரு திசை ஒளியை மட்டும் விடும் வடிகண்ணாடியை நாலு கோணங்களில் திருப்பி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று ஒப்பிட்டால், யாரும் போய்த் தொட முடியாத இடத்தில் காந்தக் கோடுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று தெரியும். அவற்றின் வலிமையை அறிய இதைவிட மங்கலான இன்னொரு வகை முனைவாக்கம் இருக்கிறது. அதற்கு மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்க வேண்டும். முதலில் திசை சரியாக வர வேண்டும்.

பரந்தனில் 8.20க்கு பஸ் ஏறினேன். யன்னலோரக் கதிரை கிடைத்தது. அந்த வாரம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விடயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கருவி சிறியது. சூரியனின் மேற்கு விளிம்பில் ஒரு சின்ன யன்னல் அளவு இடத்தை மட்டும் பார்ப்பது. அதை உருவாக்கியவர் ரூத். அறுபத்திரண்டு வயது, இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. ஜனவரியில் கருவியின் முன்பக்கத்து வளையம் தேய்ந்துபோய் புது வளையம் பூட்டினோம். வடிகண்ணாடியைத் தாங்கித் திருப்பும் வளையம் அது. கோணங்களை அதில் குறித்தவள் நான். அதன் பிறகு நாலு கிழமை எடுத்த அளவுகளில், மற்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி வடக்கே சாய வேண்டிய கோடுகள் தெற்கே சாய்ந்திருந்தன. "வளையம் சரிதானா?" என்று ரூத் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் "சரி" என்றேன். நான் சரி என்றால் ரூத் மறுபடி பார்ப்பதில்லை. கருவி சரியென்றால் பிழை மற்றவர்களின் கணக்கில்தான் என்று ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டார். அவருடைய புதன்கிழமை காலை அதை அனுப்புவதாக இருந்தார். எங்கள் நேரத்தில் அதற்கு இன்னும் அரை நாளுக்கு மேல் இருந்தது.

புளியங்குளம் தாண்டும்போது எப்போதும் ஒரு தையற்கார அம்மா நினைவுக்கு வருவார். நான் வவுனியாவில் றஹீம் நானாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த காலம். யுத்தம் நடந்த அந்த நாட்களில் வன்னிக்குள்ளிருந்து டவுனுக்கு வர பாஸ் வேண்டும். வந்தவர்கள் அன்றைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். திருத்தத்துக்கு வர முடியாது. அந்த அம்மாவின் வில்லையை நாற்பத்தைந்து பாகையில் வைக்க வேண்டிய இடத்தில் நான் நூற்று முப்பத்தைந்தில் வைத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து மறுபடி பாஸ் கிடைத்து வந்தவர் ஏசவில்லை. "பிள்ளை, நான் வெட்டின சட்டையெல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. துணியிலதான் பிழை எண்டு நினைச்சன்" என்றார். தொண்ணூறும் நூற்றெண்பதும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான். சாய்ந்த கோணங்கள் பக்கம் மாறினால் மாறிப் போகும். அன்று முதல் நான் ஒரு விதியை விட்டதேயில்லை: போடுகிறவருக்கு எதிரே, முகத்துக்கு நேரே நின்று கோணத்தை வாசிக்க வேண்டும். அந்தக் கவனத்தைத்தான் ஹவாய்க்கும் கொண்டு போனேன். கணவருடைய வேலைக்காக அங்கே போய், வில்லை துடைக்கும் ஆளாகச் சேர்ந்த என்னைக் கருவி வரைக்கும் கொண்டு வந்ததும் அதுதான்.

10.40க்குக் கடைக்குப் போனேன். றஹீம் நானாவின் குடும்பம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்தது. இப்போது வீடு மறுபடி முல்லைத்தீவில், கடை மட்டும் வவுனியாவில். தாடி நரைத்திருந்தது. குரல் மாறவில்லை.

"வாங்க தங்கச்சி, இருங்க. வெளிநாட்டில இப்ப என்ன வேலை?"

"கொரோனாவில காந்தப்புலம் அளக்கிறம் நானா."

"நான் மூண்டு ஊசியும் போட்டாச்சு. பயப்படாமக் கிட்ட வாங்க."

என் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினார். எத்தனை பேருடைய மூக்கில் நான் மாட்டிய சட்டம் அது. எனக்கு மாட்டுவது அன்றுதான் முதல் தரம். சுவரில் விசிறி போல விரிந்த கோடுகள் இருந்தன.

"எந்தக் கோடு கறுப்பாத் தெரியுது?"

"வலப்பக்கம் சரிஞ்ச கோடு."

அவர் வில்லையை மற்றப் பக்கம் திருப்பினார். நான் தடுத்தேன். "நானா, வலப்பக்கம் எண்டுதானே சொன்னன்."

"உங்கட வலம், தங்கச்சி. எனக்கு அது இடம். நான் வெளியில நிண்டு பாக்கிறன், நீங்க கண்ணுக்குள்ள இருந்து பாக்கிறீங்க. இதையெல்லாம் மறந்தாச்சோ?"

மறக்கவில்லை. மறக்காததுதான் பிழையாகிவிட்டது. சட்டத்தைக் கழற்றாமலே கைப்பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து ஜனவரி 15ஐத் தேடினேன். "காலை 10.15. புது வளையம். சூரியனுக்கு முதுகு காட்டி, கருவிக்கு நேர் எதிரே நின்று 0, 45, 90, 135 குறித்தேன். இரண்டு தரம் சரிபார்த்தேன்." தொலைநோக்கிக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன். அளவெல்லாம் கருவிக்குள்ளிருந்து பார்க்கும் பக்கத்தில் எடுக்கப்படுகிறது. அந்தப் பக்கத்துக்கு என் நாற்பத்தைந்து நூற்று முப்பத்தைந்து. நாங்கள் சோதித்துப் பார்த்தது பூச்சியத்திலும் தொண்ணூறிலும் மட்டும். அங்கே இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது.

"என்ன, முகம் வெளிறிப் போச்சு? தண்ணி தரட்டே?"

"ஒராளுக்குப் போன் எடுக்க வேணும் நானா. சத்தமில்லாத இடம் வேணும்."

அவர் வானொலியை நிறுத்தி, கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

அங்கே செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணி. ரூத் எடுத்தவுடன் எனக்கு வாயில் வந்தது, "சாப்பிட்டீர்களா?" என்பது. பெரிய விடயம் பேசும் முன் நாங்கள் வேறு எதைக் கேட்போம்? என்னை வாஸ் என்று கூப்பிடும் ரூத் பதறிவிட்டார். "வாஸ், யாருக்கு என்ன நடந்தது?" ஊருக்குப் போன ஒருத்தி அந்த நேரத்தில் எடுத்துச் சாப்பாட்டைக் கேட்டால், அவருடைய ஊரில் அது சாவுச் செய்தியை இழுத்தடிப்பது போலாம். அதை அவர் பிறகுதான் சொன்னார்.

"யாருக்கும் ஒன்றுமில்லை. வளையத்தில் நான் கோணங்களைப் பிழையான பக்கத்திலிருந்து குறித்துவிட்டேன். கட்டுரையை அனுப்ப வேண்டாம்."

நானா மேசையில் கிடந்த வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். விளங்காதவர் போல இருந்தார்.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்றார் ரூத்.

நான் இரண்டு தரம் பிழையாகப் பதில் சொன்ன அதே கேள்வி. "நின்ற இடத்தை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்" என்றேன். "நாட்குறிப்புத் தாளை அனுப்புகிறேன். ஆனால் தமிழில் இருக்கிறது."

"இலக்கங்களை நான் வாசிப்பேன். நீ நின்ற விதத்தைக் கீறி அனுப்பு."

கடையின் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சூரியன், நடுவில் நான், எதிரே கருவி என்று கீறினேன். நானா எட்டிப் பார்த்தார். "இவ்வளவு மெலிவாவோ நிண்டனீங்க? கொஞ்சம் உண்மையாக் கீறுங்க."

பத்து நிமிடத்தில் ரூத் திருப்பி எடுத்தார். ஒரேயொரு நிரலில் இருந்த எண்களின் கூட்டல் கழித்தல் குறியைக் கணினியில் மாற்றிப் பார்த்திருக்கிறார். தெற்கே சாய்ந்திருந்த கோடுகள் வடக்கே சாய்ந்து, கணக்குச் சொன்ன இடத்தில் வந்து நின்றனவாம்.

"அப்படியானால் உங்கள் கட்டுரை?" என்று கேட்டேன்.

"கட்டுரை போய்விட்டது" என்றார். அதில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அவர் பெயரோடு வரவிருந்த பெரிய செய்தி அது. பிறகு குரல் மாறியது. "ஆனால் வாஸ், கருவி உண்மையைத்தான் பார்த்திருக்கிறது. நாங்கள்தான் தலைகீழாக வாசித்திருக்கிறோம். திசை சரியாக வருகிறது என்றால் இனி வலிமையை அளக்கத் தொடங்கலாம். ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது எனக்கு." நாளை பின்னேரம் மலைக்குப் போய் வளையத்தைப் புதிதாகக் குறித்துச் சோதிப்பதாகவும், அப்போது நான் போனில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எது எந்தப் பக்கம் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி அவர் பேசவேயில்லை. நான் அதற்குத் தயாராக ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத் தேவை வரவில்லை. றஹீம் நானா சட்டத்தை மறுபடி என் மூக்கில் மாட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1.30 பஸ்ஸில் புதுக் கண்ணாடியோடு திரும்பினேன். மாங்குளம் சந்தியின் பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் தூரத்திலிருந்தே பார்த்தேன். வாசிக்கத் தெரிந்தது இரண்டுதான்.

மறுநாள், 20ஆம் திகதி வியாழக்கிழமை, எழுந்ததும் முதலில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வயல் வரம்புக்கு நடந்தேன். 6.40. வெட்டி முடிந்த வயலுக்கு அப்பால் சூரியன் சிவப்பாக ஒரு முழம் ஏறியிருந்தது. ரூத்துக்கு அப்போது புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். கருவிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேற்கே இறங்கும் அதே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் வடக்கு, சொல்" என்றார். நான் சூரியனுக்கு நேரே முகத்தை வைத்து நின்றேன். எனக்கு வடக்கு இடக்கைப் பக்கம், பளை இருக்கிற பக்கம். ஆனால் அவர் கிழக்கே நின்று மேற்கைப் பார்க்கிறார், நான் மேற்கே நின்று கிழக்கைப் பார்க்கிறேன். அந்த ஒரே சூரியனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பது போல இருந்தது. இடக்கையைப் பளைப் பக்கம் நீட்டிக்கொண்டு, "வலக்கைப் பக்கம் ரூத், வலக்கைப் பக்கம்" என்று சொன்னேன்.