வீட்டுக்காரர் என்ற கட்டம்

அந்தக் கிராமத்தை நாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து கட்டினோம். ஒன்று கல்லடியில் ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறை. மற்றது வடக்கே கதிரவெளியில் ஒரு பாடசாலை மண்டபம். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கதிரவெளிச் சனத்தில் ஒரு பகுதி கல்லடிப் பக்கம் உறவினர் வீடுகளிலும் கொட்டில்களிலும் தங்கியிருந்தது. மற்றப் பகுதி ஊரிலேயே கிடுகுக் கூரைகளுக்குக் கீழ் இருந்தது. இடையில் இராணுவத்தின் சோதனைச் சாவடிகள், அவற்றைத் தாண்டினால் இயக்கத்தின் சாவடி. ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் முழுவதும் போய்விடும். புது வீடுகளை எங்கே கட்டுவது, கிணறு யாருடைய வேலிக்குள் வரும், ஒழுங்கை எவ்வளவு அகலம் என்று ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து பேச வழியே இருக்கவில்லை. எங்கள் செயலி அதற்காகத்தான் வந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சித் திட்டம் அது. இரண்டு இடத்திலும் ஒரே அளவில் ஒரு மேசை, மேசை மேல் ஊரின் வரைபடம், அதற்கு மேலே தொங்கும் ஒரு கமரா. சின்ன மரக்கட்டைகளின் தலையில் கறுப்பு வெள்ளையில் குறிகள் ஒட்டியிருப்போம். கல்லடியில் ஒரு கட்டையை நகர்த்தினால் கமரா அந்தக் குறியை அடையாளம் கண்டு திரையில் உள்ள ஊரில் ஒரு வீட்டை நகர்த்தும். சற்று நேரத்தில் கதிரவெளித் திரையிலும் அது நகரும். பக்கத்துக் கணினிகளில் இருப்பவர்கள் அந்த ஊருக்குள் உருவங்களாக நடந்து திரியலாம், மைக்கில் கதைக்கலாம்.

என் வேலைகள் மூன்று. இரண்டு இடத்திலும் ஒரே ஊர் தெரிய வேண்டும். இரண்டு பேர் ஒரே பொருளைப் பிடித்தால் அது யாருடைய கைக்குப் போவது என்று முடிவாக வேண்டும். திரையில் வரும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழாக வேண்டும். முதல் இரண்டுக்கும் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாவதை ஒரு பின்னேரத்தில் முடித்தேன்.

பலர் சேர்ந்து இயங்கும் உலகம் ஒன்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இழுக்க, பொருள் நடுவில் நின்று நடுங்கும். வீடுகளைப் பொறுத்தவரை அந்தச் சொந்தக்காரரின் பெயரை ஒரு படிவத்தில் எழுத வைத்தோம். பின்னாளில் வீடு கட்டிக் கொடுப்பவர்களுக்கும் அந்தப் பெயர் உதவும் என்று திட்டத் தலைவர் சொன்னார். ஒரே கட்டம், இரண்டு பயன். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கட்டத்தின் மேல் 'உரிமையாளர்' என்று எழுதி, அழித்தேன். அரச அலுவலகமான கச்சேரியின் படிவத்தில் வரும் சொல் அது. சனத்தை மிரட்டும் என்று நினைத்தேன். வாயில் புழங்கும் சொல்லாக இருக்கட்டும் என்று 'வீட்டுக்காரர் பெயர்' என்று போட்டேன். போட்டபின் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் சீதனமாக அவளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நான் வளர்ந்த வீடு என் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அது எனக்கென்று சொல்லித்தான் அப்பா அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். அதே வீட்டில் அம்மா அப்பாவை எப்படிக் குறிப்பிடுவாள்? 'எங்கட வீட்டுக்காரர்.' இருபத்தைந்து வருடம் அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைத்தேன்.

செயலியைப் பழக்கிய முதல் நாள் கல்லடி அறை முழுக்கப் பெண்கள். செயலியில் பெண் உருவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் முடியும் நீலக் காற்சட்டையும் போட்ட உருவம்.

"என்னகா, ஒழுங்கைக்க நிக்கிற இந்த வெள்ளக்காரி ஆர்?"

"நான்தான் மச்சி. எண்ட கலரப் பாத்தியா?"

"மனிசன் கண்டா விடமாட்டார். வேற ஆக்கள் எண்டு நினைச்சு நல்லாக் கவனிப்பார்."

வெள்ளைக்காரியாக நின்று சிரித்தவர் முப்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். கதிரவெளியில் அவருக்குத் தாய் கொடுத்த வளவு இருந்தது. அதிலிருந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. கணவர் கல்குடாவில் ஒரு மீன்வாடியில் வேலை செய்துகொண்டு, மாதத்தில் இரண்டொரு தரம் வந்து போவார். படிவம் திறந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி, அவர்ட பேர நான் சொல்லமாட்டன்."

"சொல்லத் தேவையில்ல அக்கா. எழுதினாக் காணும்."

"எழுதினாப் பறவாயில்லையா?"

"எழுதுகா," என்றார் பக்கத்தில் இருந்தவர். "மனிசன் கொம்பியூட்டருக்குள்ளால எழும்பி வரப்போறாரா?"

அக்கா ஒற்றை விரலால் எழுத்துத் தேடினார். ஓர் எழுத்து அகப்படவில்லை. நான் பின்னால் நின்று அவருடைய விரலைப் பிடித்து அந்த விசையில் வைத்தேன். அறையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நிரப்பினார்கள். கணவரின் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். பின்னேரம் கதிரவெளியிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து நான் சரிபார்த்தேன். ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. எழுத்துப்பிழைகள் இருந்தன, திருத்தினேன்.

அதன்பின் சில மாதங்கள் எங்கள் ஊர் நன்றாகத்தான் வளர்ந்தது. அக்காவின் தங்கை கதிரவெளி மண்டபத்தில் இருந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வீடு வைத்தார்கள். ஒரு முருங்கையை இருவரும் பிடித்துக்கொண்டு, "விடுகா, எண்ட வளவுக்க வாறாய்," என்று மைக்கில் சண்டை பிடித்ததை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

மறுபடி சண்டை தொடங்கியது. பாதை மூடப்பட்டது. ஒரு நாள் கதிரவெளியின் திரை வரவில்லை, பிறகு வரவே இல்லை. அந்தப் பாடசாலையில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அங்கே இருக்கவில்லை. ஊர்ச்சனம் காட்டாலும் வாவியாலும் நடந்தும் தோணியிலும் தெற்கே வந்து முகாமில் தங்கியது. அக்காவின் தங்கை உயிரோடு வந்து சேர்ந்தார். மேசையும் கமராவும் போய்விட்டன. எங்கள் சேர்வரில் மட்டும் கிராமம் அப்படியே இருந்தது, முருங்கை உட்பட.

சனத்தைத் திரும்பக் குடியேற்றப் போகிறோம் என்ற பேச்சு வந்தபோது வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அவசரமாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது. யாரிடமும் காணி உறுதிகள் இல்லை. கடல் தின்றதில் மிச்சத்தைச் சண்டை தின்றிருந்தது. ஊர்ச்சனமே தன் கையால் செய்த பட்டியல் என்று எங்களுடையதைத் திட்டத் தலைவர் கொடுக்க முன்வந்தார். வளவு இலக்கம், குடும்பம், உரிமையாளர். கடைசிச் சொல்லை இப்போது ஆங்கிலத்திலிருந்து நேராகவே மொழிபெயர்த்திருந்தார்கள். முகாமில் ஒரு பிரதியை ஒட்டினோம். அடுத்த திங்கட்கிழமை அது கச்சேரிக்குப் போகும்.

தங்கையோடு முகாமுக்குப் போயிருந்த அக்கா அங்கிருந்து நடந்து வந்தார்.

"தங்கச்சி, எண்ட வளவு அவர்ட பேருல கிடக்கு."

அக்காவின் கணவர் அப்போது கல்குடாவில் வேறொரு பெண்ணோடு இருந்தார். பாதை திறந்தபின்னும் வரவில்லை. புது வீடு கிடைத்தால் வளவோடு விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கதை வந்திருந்தது. அக்காவுக்கு அந்த வளவைவிட வேறொன்றும் இல்லை. மூத்த மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்குக் கொடுக்கவும் அதுதான்.

நான் கணினியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் உலகத்தில் யார் எதைத் தொட்டாலும் பதிவாகும். எந்தக் கணினி, எந்த நேரம், எந்தக் கை.

"நீங்கதான் எழுதியிருக்கிறீங்க அக்கா."

"வீட்டுக்காரர் பேரத்தானே கேட்டீங்க? எண்ட வீட்டுக்காரர் அவர்தானே. மறுகா ஆர்ர பேர எழுதிற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவும் ஆண்களின் பெயர். ஊர் முழுவதையும் ஒரு பின்னேரத்தில் ஆண்களின் பெயருக்கு எழுதிவிட்டிருந்தேன், ஒரு உறுதியும் இல்லாமல், ஒருவரும் எதிர்க்காமல்.

திட்டத் தலைவருக்கு நீளமாக எழுதினேன். சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை, எங்கள் சீதன வழக்கத்தை, எல்லாவற்றையும் இலக்கமிட்டு விளக்கினேன். மரியாதையான பதில் வந்தது. செத்துப்போன ஆண்களின் கட்டங்களை மாற்றலாம், அதற்குக் கிராம அலுவலரான விதானையின் கடிதம் போதும். உயிரோடு இருப்பவரின் பெயரை மாற்ற அவரே சம்மதிக்க வேண்டும். யார் எதைச் செய்தார் என்ற பதிவை நாங்கள் கலைக்க மாட்டோம் என்பதுதான் இந்தச் செயலியின் மேல் உள்ள நம்பிக்கை. திங்கட்கிழமைக்கு முன் யாரும் தரவைத் தொட வேண்டாம். கடைசியில், என் புலமைப்பரிசிலுக்கான சிபாரிசுக் கடிதம் தயார் என்றும் ஒரு வரி இருந்தது.

சம்மதிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. 'கைமாற்று.' நான்தான் செய்தது. சொந்தக்காரராகப் பதிவானவர் மட்டுமே அதை அழுத்தலாம். சொல்லியனுப்பினோம், அந்த மனிதர் வெள்ளிக்கிழமை வந்தார். தோய்த்து மினுக்கிய சேட். கணினிக்கு முன் உட்கார்ந்து திரையில் நின்ற வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவாக் கட்டியிருக்கிறீங்க தங்கச்சி."

"இந்தப் பொத்தான அழுத்தினா வளவு அக்காட பேருக்குப் போகும்."

"எனக்கு இந்த மிசினெல்லாம் விளங்காது. எண்ட பேர்தானே கிடக்கு? அப்பக் கிடக்கட்டும்."

அக்கா சுவரோரம் நின்றார். "எண்ட அம்மா தந்த வளவு அது," என்றார், அவரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.

"நீதானே எண்ட பேர எழுதினாய்," என்று அவர் சிரித்தார். "கூட இருந்த காலத்தில ஒருநாளும் எண்ட பேர வாயால சொல்லல்ல. கொம்பியூட்டருக்கு மட்டும் சொல்லியிருக்காய்." எழுந்து போய்விட்டார்.

அவர் போனபின் அக்கா கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கணினியைக் காட்டிக் கேட்டார்.

"இதுக்குத் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"வெளிநாட்டில இருக்கிற ஆக்களிட்ட அக்கா."

"ஒன்னட்ட இல்லையா?"

"இல்ல."

இருந்தது. சேர்வரின் முதன்மைக் கடவுச்சொல் இரண்டு பேரிடம்தான் இருந்தது, ஒருத்தி நான். ஒரே ஒரு வரிக் கட்டளையால் பெயரை மாற்றிவிடலாம். பதிவேட்டில் தடம் தெரியாமல் மாற்றவும் எனக்குத் தெரியும், அந்தப் பதிவேட்டை எழுதியதும் நான்தான். அன்று மத்தியானமே ஒரு தாளை எடுத்து, மாற்றுவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் மாற்றாமல் விடுவதற்கான காரணங்களை மறுபக்கமும் எழுதியிருந்தேன். மறுபக்கம் நீளமாக வந்தது. நம்பிக்கை, முறை, மற்றப் பெண்களுக்கும் இதே கேள்வி எழும், கண்டுபிடித்தால் முழுப் பட்டியலும் தள்ளுபடியாகும். எல்லாம் நியாயமான காரணங்கள். சிபாரிசுக் கடிதத்தை நான் அந்தத் தாளில் எழுதவில்லை.

"சரி மனே," என்றார் அக்கா. "நீ என்ன செய்வாய்." என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பட்டியல் போனது. வீடுகள் கட்டப்பட்டன, சீமெந்துக் கல், தகரக் கூரை, பெரும்பாலும் நாங்கள் மேசையில் வைத்த இடங்களிலேயே. அக்காவின் வளவில் எழும்பிய வீட்டை அந்த மனிதர் வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விற்றார். மற்ற வீடுகளில் கணவன்மார் கூட இருந்தார்கள், அதனால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. அந்த வீடுகளும் இன்றைக்கு ஆண்களின் பெயரில்தான் இருக்கின்றன. அவர்களுடைய மகள்களுக்குக் கல்யாணம் வரும்போது தெரியும்.

புலமைப்பரிசில் கிடைத்தது. வடக்கில் சண்டை இன்னும் முடியவில்லை. புறப்படுவதற்கு முன் ஒரு முறை கதிரவெளிக்குப் போனேன். ஆய்வுக்குப் படங்கள் வேண்டும் என்று திட்டத் தலைவர் கேட்டிருந்தார். வீடுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். அக்காவின் வளவில் யாரோ ஒரு பிள்ளை சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் தங்கையின் வளவு. அதன் மூலையில் பழைய தகரத்தால் அடைத்த ஒரு கொட்டில், கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள்.

தங்கை என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். முகத்தில் சந்தோசம்.

"அக்கா கடக்கரையில கருவாடு காயப் போடுறா. ஒங்களக் கண்டா விடமாட்டா. இரிங்க, தேத்தண்ணி போடுறன், இப்ப வந்திருவா."

பஸ் இருக்கிறது, போக வேண்டும் என்றேன்.

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதைச் சந்தியில், வெயிலில், தனியே நின்று கழித்தேன்.