வலது கையால் வேண்டாம்

வெர்னன் ஸ்டக்கியின் வலது கையில் சுண்டுவிரல் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழிதான் இருக்கும். இருபத்தோரு வயதில், பேஸ்பால் ஆட்டம் தோற்ற ஆத்திரத்தில் கான்கிரீட் சுவரில் ஓங்கிக் குத்தினார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு கூடின பிறகும் எந்த அணியும் அவரைப் பந்தெறியக் கூப்பிடவில்லை. ஆள் தேடி அலைபவர்கள் அவரைப் பற்றி அணிகளுக்கு எழுதிய அறிக்கையில் ‘குணம்’ என்ற இடத்துக்கு நேரே எந்தப் புண்ணியவானோ ‘வெறி பிடித்தவன்’ என்று எழுதி வைத்திருந்தான்.

அப்படிப்பட்ட அறிக்கை எழுதுவதே பிறகு அவருக்குப் பிழைப்பாயிற்று. இருபத்தாறு வருடமாக ஓக்லஹோமா முழுக்க வண்டியில் அலைந்து, பள்ளி மைதானங்களில் நல்ல பேஸ்பால் கை உள்ள பையன்களைக் கண்டுபிடித்து அணிக்குச் சொல்வார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் வெர்னன். மேலே இருப்பவன் வார்த்தை மாறுவான், கீழே இவர் உதை வாங்குவார். ஒரு தகப்பன் மட்டையால் வண்டிக் கண்ணாடியை நொறுக்கினான். இன்னொருவன் நாயை ஏவிவிட்டான். தொடையில் பதினொரு தையல்.

இந்த முறை பையன் கோல்பி ராட்கே. பதினெட்டு வயது, பந்து கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாது. அப்பன் டுவெய்ன் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பவன். பேசுவதற்கு முன் கை நீட்டுகிற ரகம்.

வெர்னனின் அணி நாலு வருடமாகக் கடைசி இடத்தில் கிடந்தது. இருந்ததையெல்லாம் இடித்துவிட்டு அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று கிளம்பியிருந்தார்கள். ஆனால் அணிகள் சுற்றுச் சுற்றாகப் பையன்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், எல்லாருக்குமாகச் சேர்த்து ஓர் அணி இவ்வளவு பணம்தான் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. ரொம்பத் தாண்டினால் அடுத்த வருடத்தின் முதல் தேர்வு பறிபோகும். அதனால் முதல் சுற்றில் எடுக்கும் ஆளை மலிவாகப் பேசி முடித்து, மிச்சத்தைக் கோல்பிக்குக் கொடுப்பது என்று திட்டம். அதுவரை மற்ற அணிகள் அவனைத் தொடக் கூடாதே? ஏப்ரலில் ராட்கே வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அப்பனுக்கும் மகனுக்கும் வெர்னன் வழி சொல்லிக் கொடுத்தார்.

“யாரு கேட்டாலும் முப்பது லட்சம் டாலர், இல்லேன்னா காலேஜ்தான்னு சொல்லு. அத்தனை பேரும் பயந்து ஓடிருவான். நாலாவது சுற்றுல நாங்க எடுக்கிறோம், பதினஞ்சு லட்சம். இது என் வாக்கு.”

காலேஜ் எங்கே இருந்தது? பையன் கணக்கில் கோட்டைவிட்டு இடம் ஏற்கெனவே போய்விட்டது. அது அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலையில் மூன்று நாள் தேர்வு. மலிவாக வருகிறேன் என்று கைகொடுத்த முதல் ஆள், பெயர் வாசித்த மறுநாள் காலை ஏஜெண்டை விட்டு முழுத் தொகையும் கேட்டான். அவனை விட்டுவிடவும் முடியாது. விட்டால் அவன் இடத்துக்கான பணமும் வரம்பிலிருந்து கழிந்துவிடும். கோல்பிக்கு வைத்திருந்தது அவன் வாய்க்குப் போயிற்று. நாலாவது சுற்றிலும் கோல்பி பெயர் இல்லை, கடைசியான இருபதாவது சுற்றிலும் இல்லை. முப்பது லட்சம் கேட்கிறவனை எவன் தொடுவான்?

தேர்வு முடிந்த மறுநாள் மத்தியானம் வெர்னன் ஒரு காகிதத்தோடு போனார். தேர்வில் எடுபடாதவனுக்கு, வரம்பில் சேராமல் கொடுக்கக்கூடிய ஒன்றரை லட்சம். உடல் பரிசோதனை முடிந்தால் கையெழுத்து. முற்றத்தில் விருந்துக்கு வாட்டிய மாட்டிறைச்சி தொடுவாரில்லாமல் ஈ மொய்த்துக் கிடந்தது.

டுவெய்ன் தொகையைக் கேட்டான். கேட்டதும் முதல் குத்தை விட்டான். வெர்னனின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் தரையில் விழுந்தார். விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான், எதுவோ முறிந்தது. வெர்னன் கையைத் தூக்கவில்லை. வாங்க வேண்டியதுதான் என்று அவருக்கே தோன்றியது.

அப்போதுதான் கோல்பி அப்பனைத் தள்ளிவிட்டு வெர்னன் மேலே ஏறி உட்கார்ந்தான். வலது முஷ்டியை ஓங்கினான்.

“வலது கை வேண்டாம்டா,” வெர்னன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கெஞ்சினார். “இடது கையால அடி. எவ்வளவு வேணும்னாலும் அடி.”

“உங்க வாக்குக்கு சார் இது,” என்றான் கோல்பி.

தாடையில் இறங்கியது. ஒரு பல் போயிற்று. இரண்டாவது குத்துக்கு அவர் முகத்தைத் திருப்பி, அவன் கையாவது தப்பட்டும் என்று மெத்தென்ற தொப்பையைக் காட்டப் பார்த்தார். அது மண்டையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் வந்தது அவர் மண்டையிலிருந்து அல்ல. பையன் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

வெர்னன் தவழ்ந்து போய் அந்தக் கையை விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் முட்டி உள்ளே போயிருந்தது. இழுத்துக்கொண்டு போய் பீர் பெட்டியின் ஐஸுக்குள் புதைத்தார். டுவெய்ன் கல்லாய் நின்றான். அவருக்கு அழுகை வந்தது, விலா வலியில் அழவும் முடியவில்லை.

பையில் போன் அடித்தது. ஒத்துக்கொண்டானா என்று மேலிடம் கேட்டது.

“ஒத்துக்கிட்டான். ஆனா கை ஒடைஞ்சிருக்கு,” என்றார் வெர்னன்.

எப்படி என்று கேட்டார்கள். அவர் தன் குழி விழுந்த கையைப் பார்த்தார்.

“நான்தான். குடிச்சிருந்தேன். அவன் கை உள்ள இருக்கிறது தெரியாம வண்டிக் கதவை அடிச்சுச் சாத்திட்டேன். பையன் தங்கமான குணம், ஒரு வார்த்தை திட்டலை. ஆறு வாரம் பொறுங்க. அப்படியே எழுதிக்கோங்க.”

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள். பிறகு, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.