ஆடி மாதத்தில் நான் வைத்த தள்ளுபடிப் பெட்டி

உங்கள் அம்மா நைட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போவதா, வீட்டிலேயே தன் மெசினில் தைப்பதா என்ற கேள்வி அந்த ஆடி மாதம் முழுவதும் நம் வீட்டில் இருந்தது. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்திலும் டியூஷனிலுமாக இருந்ததால் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். மீதியை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தைப் பற்றி நான் சொல்வதை மட்டும் திருத்த வேண்டாம். அது பட்டுத் தெரிந்துகொண்டது.

அம்மா தளவாய்புரம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் நைட்டி தைத்தாள். சித்திரையில் நின்றுவிட்டாள். ராஜபாளையத்தில் நம் வீட்டு முன்அறையில் இரண்டு தையல் மெசினும் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெசினும் போட்டோம். ஆன்லைனில் மாத வாடகைக்கு ஒரு கடை எடுத்தோம். மொட்டைமாடியில் கொடி கட்டி, நைட்டிகளைத் தொங்கவிட்டு நானே போட்டோ எடுத்தேன். அப்போதும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன்தான். பதினேழு வருடம் அங்கே துணி விரித்த கை. ஆன்லைன் கடையைக் காலையிலும் சாயந்தரமும் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் முதலாளி நல்ல மனுசர். அவள் நின்ற அன்று வாசல் வரை வந்தார்.

"தாயி, ஆடி முடியுற வரைக்கும் உன் மெசின்ல வேற ஆள உக்கார வைக்க மாட்டேன். ஆவணி பொறந்தா தீபாவளி ஆர்டர் வந்துரும். அன்னைக்குக் காலையில போன் போடுவேன். வாரேன்னு சொல்லு, இல்ல வரலன்னு சொல்லு. யோசிக்கேன்னு மட்டும் சொல்லிராத."

ஒரு நாளைக்கு ஐந்து நைட்டி விற்றால் அம்மா வீட்டிலேயே இருக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். ஆனியில் ஒரு நாளைக்கு ஒன்று போனது. சில நாள் அதுவும் இல்லை.

ஆடி பிறந்ததும் ஊரெல்லாம் தள்ளுபடி போர்டு கட்டினார்கள். நானும் நம் கடைக்கு ஒரு போர்டு கட்டினேன். ஆன்லைனில் அதற்குப் பெயர் பாப்-அப். கடைப் பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு பெட்டி வந்து விழும். அதில் தள்ளுபடி எழுதியிருக்கும். இதை எப்படிச் செய்வதென்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆளை வாசலிலேயே பிடிக்க வேண்டும் என்று அந்த வீடியோக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர் சொன்னபடியே வைத்தேன். திறந்த உடனே திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி. பத்து சதவீதம் தள்ளுபடி. ஈமெயில் கொடுத்தால்தான் கூப்பன் வரும். கீழே பதினைந்து நிமிடத்தில் முடியப்போவதாக ஒரு கடிகாரம் ஓடும்.

அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"என்னங்க இது, கதவத் தொறந்ததும் மூஞ்சியில துணியப் போட்டு மூடுன மாதிரி இருக்கு?"

"உலகம் பூராம் இப்படித்தான் விக்கான். நீ தையி."

முதல் வாரம் நாற்பது ஈமெயில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈமெயில் கொடுத்தவர்கள் எல்லாம் வாங்கிவிட்டது போலவே நடந்துகொண்டேன். அந்த வாரம் முழுவதும் விற்றது நான்கு நைட்டி.

பிறகு போன் வர ஆரம்பித்தது. முதலில் பேசியவர் நம் ஊர்ப் பெண்மணிதான்.

"அண்ணாச்சி, ஈமெயில் கேட்டீகளே, என்கிட்ட ஏது ஈமெயில்? எம்மவன் ஈமெயிலப் போட்டேன். அவன் பெங்களூர்ல மீட்டிங்ல இருந்திருக்கான். உங்களுக்காக ஒரு நைட்டி காத்திருக்குன்னு பெரிய திரையில எல்லாரும் பாக்க வந்துருச்சாம். போன் போட்டு அந்த ஏச்சு ஏசுதான். எனக்கு நைட்டியும் வேண்டாம், உங்க தள்ளுபடியும் வேண்டாம், ஆளை விடுங்க."

அன்று நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து வந்த போனுக்குச் சிரிக்க முடியவில்லை. ஆலங்குளத்தில் சிமென்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு அக்கா பேசினார். நாம் கடை திறந்த புதிதில் முதலில் வாங்கியவர்களில் ஒருவர். அம்மா கையில் துணி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"உங்க கடையில பதினஞ்சு நிமிசம்னு ஒண்ணு ஓடுதே, சோறு வடிச்சிட்டு வந்து பாத்தேன், மறுபடியும் பதினஞ்சு. புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்து பாத்தேன், அப்பவும் பதினஞ்சு. உங்க வீட்டுக் கடிகாரத்துல பேட்டரி போயிருச்சா?"

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

"போன மாசம் முழு விலை குடுத்து மூணு எடுத்தேன். நேத்து வந்தவளுக்குத் தள்ளுபடியாம். அப்ப நான் என்ன இளிச்சவாயா?"

போனை வைத்துவிட்டார். அம்மா மெசினிலிருந்து காலை எடுத்தாள்.

"கம்பெனியில தைக்கும்போதுகூட ஒரு தையல் விட்டுப்போனா நான் மறைச்சு மடிச்சு அனுப்புனது கிடையாது. என் துணிக்கு நீங்க பொய்க் கடிகாரம் கட்டுதீங்க. இப்படித்தான் விக்கணும்னா நான் அங்கேயே போயிருதேன். மொதலாளிக்கு இன்னைக்கே சொல்லிருதேன்."

ஒரு நாள் பொறு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நம் கடையை முதல் தடவையாக வாங்க வந்த ஆளைப் போலத் திறந்து பார்த்தேன். சிவப்புப் பெட்டி விழுந்தது. மூட வேண்டிய பெருக்கல் குறி மிளகு அளவு. என் கட்டைவிரல் அதன் மேல் விழவே இல்லை. ஈமெயில் கட்டத்தில் விழுந்து கீபோர்டு மேலே வந்தது. அம்மா நாள் முழுக்க உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் தைத்த பைப்பிங் பட்டை அந்தப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. பஸ் ஊருக்குள் நுழையும் வரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கும் பெண்ணுக்கு ஏன் அவ்வளவு பொறுமை இருக்கப்போகிறது?

அன்று மதியம் கான்சாபுரத்திலிருந்து ஒரு தாயும் மகளும் புடவை எடுக்க வந்தார்கள். என்றும் செய்வதைத்தான் செய்தேன். தண்ணீர் கொடுத்தேன். கேட்ட நிறத்தோடு கேட்காத இரண்டு நிறத்தையும் விரித்தேன். தாய் முந்தானையைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்க்கிற வரை விலையைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் எழுந்தார்கள். தாய் செருப்பில் ஒரு கால் நுழைக்கும்போதுதான் சொன்னேன், "அக்கா, செத்த நில்லுங்க. உங்களுக்குன்னு ஒரு விலை சொல்லுதேன், பிடிக்கலன்னா போங்க." மகள் சிரித்தாள். தாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

புடவையை மடித்துக்கொண்டே நின்றேன். பதினேழு வருடத்தில் வாசலில் வைத்து எவரிடமும் விலையைக் குறைக்கிறேன் என்று நான் சொன்னதில்லை. துணியைத் தொடுவதற்கு முன்னால் குறைத்தால் துணியில் ஏதோ குறை என்றுதான் நினைப்பார்கள். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் எவரோ ஒருவர் மேசையைத் தட்டியதும் என் தொழிலை நானே மறந்து, உள்ளே வருகிற பெண்களின் முகத்தில் போர்டைக் கட்டியிருக்கிறேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பெட்டியை எடுத்தேன். கடிகாரத்தை எடுத்ததை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்தாள். பட்டன் துளைக்குக் காஜா கட்டப் போய்விட்டாள். கம்பெனிக்கு அவள் இன்னும் போன் போடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஆலங்குளம் அக்காவுக்கு மூன்று நைட்டிக்கும் பத்து சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

"காசத் திருப்பிக் குடுத்தா அவியளுக்கு இன்னும் கோவம்தான் வரும். பிச்சையா போடுதோம்?" என்றாள். துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டே, "அவிய எடுத்தது எந்த டிசைன்?" என்று கேட்டாள்.

நம் ஊர்ப் பெண்கள் நைட்டியோடு தெருவுக்கு வரும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். காய்கறி வண்டி வந்தாலும் சரி, பால்காரர் வந்தாலும் சரி, கைக்குக் கிடைத்தது. பெரும்பாலும் புருசன் குளித்துவிட்டுப் போட்ட ஈரத்துண்டு. அம்மா துணி வெட்டும் விதத்தை மாற்றினாள். நைட்டியின் கைப்பகுதிகளைத் தலைமாற்றி வைத்து வெட்டினால் ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை மிஞ்சியது. இரண்டு பட்டையை நடுவில் சேர்த்துத் தைத்தால் தோளுக்கு ஒரு துண்டு. அதே பூ, அதே நிறம். அக்காவுக்கு ஒன்று அனுப்பினோம். கடிகாரத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதி வைத்தேன்.

நான்கு நாளில் அக்காவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா? தண்ணி பிடிக்கப் போனா எல்லாரும் சுடிதாரான்னு கேக்காளுவ. எங்க லைன்ல இன்னும் நாலு பேருக்கு வேணும். துண்டு இல்லாம அனுப்புனீங்க, நான் நேர்ல வந்துருவேன்."

அதற்குப் பிறகுதான் பாப்-அப்பை மறுபடி வைத்தேன், என் தொழில் தெரிந்த ஆளாக. நாளைக்கு நீங்களும் எதையாவது விற்பீர்கள், அதனால் எப்படி வைத்தேன் என்று சொல்கிறேன். உள்ளே வந்தவுடன் பெட்டி வராது. நைட்டியின் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, அளவுப் பட்டியலையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போகப் பார்க்கிறார்களே, அப்போதுதான் வரும். அதுவும் திரையின் கீழ்ப்பாதியில், துணியை மறைக்காது. புதிதாக வந்தவருக்குப் பத்து சதவீதம். கூப்பன் எழுத்து பெட்டியிலேயே இருக்கும், ஈமெயிலும் வேண்டாம் நம்பரும் வேண்டாம். ஏற்கனவே வாங்கியவருக்கு அந்தப் பெட்டி வராது, அடுத்து எடுக்கும் நைட்டியோடு துண்டு தரும் வேறொன்று வரும். அதற்கு வாசகம் அம்மா சொன்னாள், நான் டைப் அடித்தேன்: "தெருவுக்குப் போகையில தோள்ல போட அதே துணியில துண்டு. ஆடி கடைசி வரைக்கும் சும்மா."

மூடும் பட்டனில் "வேண்டாம்" என்று கட்டைவிரல் அகலத்துக்கு எழுதினேன். வேண்டாம் என்று ஒருவர் அமுக்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டி அவர் கண்ணில் படக்கூடாது என்றும் வைத்தேன். வேண்டாம் என்ற ஆளைத் தெருமுனை வரை துரத்திப் போய்க் கையைப் பிடித்து இழுக்கிற சேல்ஸ்மேனை நான் பார்த்திருக்கிறேன். அவன் கடைக்கு அந்த ஆள் அதற்குப் பிறகு வந்து நான் பார்த்ததில்லை.

பெட்டியை மூடியவர்கள் அதிகம்தான். மூடியவர்களில் சிலர் மறுநாள் தாமாகவே வந்து வாங்கினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாம் வாரம் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. கடைசி வாரம் ஐந்து, ஆறு, ஒரு நாள் ஒன்பது. அம்மா காலை இட்லியை மெசின் பலகையில் வைத்துச் சாப்பிட்டாள்.

ஆடிக் கடைசி நாள் சாயந்தரம் எனக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னொரு வாரம் ஓடட்டுமே, நல்லாத்தானே போகுது," என்றேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "ஆடி கடைசி வரைக்கும்னு எழுதுனது யாரு?"

"நான்தான். நீ சொன்ன."

"அப்பறம் என்ன? எடுங்க. இல்லன்னா இதுவும் அந்தக் கடிகாரம்தான். தள்ளுபடி இல்லாம எம்புட்டு வருதுன்னு எனக்கும் தெரியணும்ல. அது தெரியாம மொதலாளிக்கு நான் என்ன சொல்லுவேன்?"

எடுத்தேன். அவள் கேட்டது சரிதான். தள்ளுபடியோடு வந்த ஒன்பதை நம்பி ஒரு வேலையை விட முடியாது.

ஆவணி ஒன்றாம் தேதி நான் ஜவுளிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலிருந்து போனைக் கையிலிருந்து வைக்கவில்லை. பத்து மணிக்குள் ஓர் ஆர்டர் வந்தது, சிவகாசியிலிருந்து. பிறகு ஒன்று. பதினோரு மணிக்கு மூன்றாவது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்கு முதலாளியின் போன் வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். ஐந்து என்றுதானே சொல்லியிருந்தோம்.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "மொதலாளி, என் மெசினுக்கு ஆளப் போட்டுக்கிடுங்க. நான் வரல."

"நெசமாவா தாயி? ஓடுதா கடை?"

"ஓடுது. கூட ஒரு ஓவர்லாக் மெசின் பழசு இருந்தா சொல்லுங்க."

"பாத்தியா, போறவ சும்மா போகாம என் மெசினயும் கேக்கா," என்று அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்லிச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. "இருக்கு, ஒண்ணு இருக்கு. ஆள அனுப்பு."

அவள் போனை வைத்ததும் நான் கேட்டேன், "ஏட்டி, மூணுதானே வந்திருக்கு?"

"சும்மா எதுவும் குடுக்காமலே மத்தியானத்துக்குள்ள மூணு வந்திருக்குல்ல," என்றாள் அம்மா. "நீங்க வண்டிய எடுத்துட்டுப் போய் மொதல்ல அந்த ஓவர்லாக்கப் பாத்துட்டு வாங்க. அவிய மனசு மாறிரும்."