எட்டும் எட்டும் ஒன்றல்ல

ஃபந்தாயே கதையைச் சொல்லணும்னா முதல்ல என் தலையில நானே ஒரு குட்டு வச்சுக்கணும். பதினோரு வருஷமா கம்ப்யூட்டர் துறை ஆபீஸ்ல குமாஸ்தா நான். எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க, போனாங்க. இவ வேற ரகம். படிக்க வர்றதுக்கு முன்னால மூணு வருஷம் பஸ் நிலையத்துல டிக்கெட் கொடுத்தவ.

எங்க நாட்டுல பொழுது விடிஞ்சதுலேர்ந்துதான் மணியை எண்ணுவோம். விடிஞ்சு ஒரு மணி நேரமானா நமக்கு மணி ஒண்ணு. வெளிநாட்டுக் கடிகாரத்துல அதே நேரம் ஏழு. "கோண்டார் பஸ் பன்னெண்டு மணிக்கு"ன்னு இவ சொல்லுவா, அதாவது பொழுது விடியறப்போ. மூட்டையைத் தூக்கிக்கிட்டு உச்சிவெயில்ல வந்து நின்னு "பஸ் எங்கே?"ன்னு கத்துவான் வெள்ளைக்காரன். அந்தக் கத்தலெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டவ, காலேஜுக்கு வந்ததும் கால அட்டவணை எழுதறதுக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் மொழி பண்றேன்னு உட்கார்ந்துட்டா. மொழி மட்டும் பண்ணினா ஆகுமா? அதுல எழுதினதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியும்படி மாத்திக் கொடுக்க ஒரு கம்பைலரும் கட்டணும். கடைசி வருஷப் பாடமே அதுதான்.

போன வருஷம் அவ கம்பைலர் எந்தத் தப்பைக் கொடுத்தாலும் விழுங்கி ஏப்பம் விட்டுச்சு. துறைத்தலைவர் கிஸாச்சேவ் ஃபெயில் போட்டுட்டார். ரெண்டாவது தடவையும் ஃபெயிலானா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். அதனால இந்த வருஷப் பரீட்சை அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல நின்னவ முகத்துல ஈயாடல.

"சாப்பிட்டியாடி?"

"இறங்கல அக்கா. காபி மட்டும் குடிச்சேன், அதுவும் நெஞ்சுல நிக்குது."

பரீட்சை நம்ம நாலு மணிக்கு, வெளிநாட்டுக் கடிகாரத்துல காலை பத்து. பரீட்சை நடத்த நைரோபியிலிருந்து வரவேண்டிய பேராசிரியர் வஞ்சாலாவைக் காணோம். போன் போட்டா போகல. "விமானம் லேட்டா இருக்கும் சார்"னு சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி.

கிஸாச்சேவுக்குப் பொறுமை கிடையாது. "அவர் வர்றப்போ வரட்டும். எதனேஷ், இன்னிக்குக் கார் பட்டியல் உன் மேசையில இருக்கே, அதைக் கொண்டா. ஃபந்தாயே, இதை உன் மொழியில எழுதி ஓட்டு. ஓடினா பாஸ். ஓடலைன்னா என்னைக் குத்தம் சொல்லாதே."

பட்டியல்ல இருந்ததே கொஞ்சந்தான். பேராசிரியரோட விமானம் இறங்கறது எட்டு மணி, டிக்கெட்டுல உள்ளபடி. டிரைவர் ஷிஃபெராவ் கார் போய் நிக்கவேண்டியதும் எட்டு மணி. ரெண்டு நேரமும் ஒண்ணா இருக்கணும். ஃபந்தாயே தட்டினா. டிக்கெட் மணிக்கு 'வெளிமணி'ன்னு போட்டா, கார் மணிக்கு 'நம்ம மணி'ன்னு போட்டா. ஓட்டினா.

திரையில சிவப்பா ஒரு வரி: "ஆறாம் வரி தப்பு. இந்த எட்டும் அந்த எட்டும் ஒன்றல்ல."

கிஸாச்சேவ் சிரிச்சுட்டார். "அடி அம்மா! எட்டும் எட்டும் ஒண்ணுன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக்கூடத் தெரியும். உன் கம்பைலருக்குத் தெரியலையே!" பேனா மூடியைக் கழட்டினார்.

ஃபந்தாயே அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கிட்டிருந்தா. திடீர்னு நாற்காலி பின்னால சாயற மாதிரி எழுந்தா.

"எழுதாதீங்க சார்! கம்பைலர் சரி, பட்டியல்தான் தப்பு! டிக்கெட்டுல இருக்கிறது வெளிநாட்டு எட்டு, நமக்கு அது ரெண்டு மணி. ஷிஃபெராவ் அண்ணன் நம்ம எட்டுக்குத்தானே போவாரு? நடுவுல ஆறு மணி நேரம்!"

"யார் எழுதின பட்டியல் இது?"

எழுதின மகராசி நான்தான். டிக்கெட்டைப் பார்த்து அப்படியே எட்டுன்னு இறக்கி வச்சிருக்கேன். ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தா, மரத்தடியில ஷிஃபெராவ் ஆற அமர காபி குடிக்கிறான்.

"ஏய்! விமான நிலையத்துக்கு எப்ப கிளம்பறே?"

"எட்டுக்குத்தானேம்மா? இன்னும் நாலு மணி நேரம் கிடக்கே!"

"நாசமாப் போறவனே, ஓடுடா! அந்த மனுஷன் ரெண்டு மணிக்கே வந்து இறங்கிட்டார்!"

காபிக் கோப்பை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கார் புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் பறந்துச்சு. கிஸாச்சேவ் பேனாவை மூடிட்டார்.

ஒரு மணி நேரம் கழிச்சு வஞ்சாலா வந்தார். வேர்வையில சட்டை நனைஞ்சு, மூக்கு நுனியில கோபம். "ஒரு ஈ காக்கா வரல என்னைக் கூப்பிட! சரி, விடுங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, பரீட்சையை ஆரம்பிப்போம்."

"பரீட்சை முடிஞ்சுபோச்சு சார்"ன்னார் கிஸாச்சேவ். "கேள்வித்தாளே நீங்கதான்."

வஞ்சாலா குனிஞ்சு திரையில ஆறாம் வரியை ரெண்டு தடவை படிச்சார். நடந்ததைக் கேட்டார். அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார் பாருங்க, அவர் கோபமெல்லாம் போன இடம் தெரியல. கிஸாச்சேவ் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, 'பாஸ்'னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஃபந்தாயே தரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதா. நான் அந்த ஹால்லயே நின்னு குலவை போட்டேன். பட்டியலைத் தப்பா எழுதினவளுக்குக் குலவை என்ன வேண்டிக் கிடக்குன்னு கிஸாச்சேவ் முறைச்சார். முறைக்கட்டுமே! இன்னும் ரெண்டு குலவை சேர்த்துப் போட்டேன்.